'ஃபாரெவர்' ஆல்பத்தின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பெண்கள் பாப் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் பெண்கள் குழுவான ஸ்பைஸ் கேர்ள்ஸுக்கு ஒரே ஒரு பத்திதான். துள்ளல் பாட்டை விட்டுவிட்டு, கறுப்பின அமெரிக்கர்களின் தாள இசையான ஆர் அண்டு பி பாணிக்கு மாறினார்களாம், அதனால் கடைசி ஆல்பமான 'ஃபாரெவர்' படுத்துவிட்டதாம், குழுவும் கலைந்துவிட்டதாம். கட்டுரையாளர் மூன்றே வரியில் கதையை முடித்துவிட்டார். கூடப் போட்டிருந்த படத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். 'ஃபாரெவர்' நான்கு பேர் பாடிய ஆல்பம். ஐவரில் ஒருவரான ஜெரி ஹாலிவெல் 1998 மே மாதக் கடைசியிலேயே விலகிவிட்டார். படம் மாறிப்போனதை விட்டுவிடலாம். ஆனால் ஓர் ஆள் குறைந்ததைக் கட்டுரையும் கணக்கில் எடுக்கவில்லையே, அதைத்தான் விட முடியவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் கேசட் கடை வைத்திருந்தவன் நான். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸும் செல்போன் ரீசார்ஜும் ஓடுகின்றன. அப்போது என் கடையில் முக்கால்வாசி சினிமாப் பாட்டு, கொஞ்சம் பக்திப் பாட்டு, கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைய ஆங்கிலக் கேசட். அந்தத் தட்டைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். 1997இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் கேசட்டை அவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று பார்த்தவன் நான். நூறு ரூபாய்க்கு மேல் விலை. மூன்று பெண்கள் சேர்ந்து காசு போட்டு ஒன்று வாங்குவார்கள். பிறகு மற்ற இரண்டு பேருக்கும் காலி கேசட்டில் பதிவு செய்து தரச் சொல்லி என்னிடமே வருவார்கள். (செய்து கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.)

கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையைப் பிரித்துப் படிப்பது என் வழக்கம். யார் எழுதியது, யார் இசை, எங்கே பதிவானது என்று பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும். நம்மூரில் இசையமைப்பாளர் மாறினால் பாட்டு மாறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலப் பாட்டென்றால் மட்டும் படத்தில் இருக்கிற முகத்தைத் தாண்டி நாம் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கும் இசையமைப்பாளர் உண்டு, தயாரிப்பாளர் என்ற பெயரில்.

'ஸ்பைஸ்' (1996), 'ஸ்பைஸ்வேர்ல்டு' (1997) இரண்டின் அட்டையிலும் திரும்பத் திரும்ப வருவது சில பெயர்கள்தான். மேட் ரோவ், ரிச்சர்டு ஸ்டேனார்டு ஜோடி ஒன்று. 'ஆப்சல்யூட்' என்ற பெயரில் வேலை செய்த பால் வில்சன், ஆண்டி வாட்கின்ஸ் ஜோடி இன்னொன்று. முதல் ஆல்பத்தில் மட்டும் ஷெஃபீல்டைச் சேர்ந்த எலியட் கென்னடியும் உண்டு. எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள். ஐந்து பெண்களும் இவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து, சிரித்து, சண்டை போட்டு எழுதிய பாட்டுகள் அவை. 'வான்னபி' அரை மணி நேரத்தில் பிறந்தது என்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. ஒருத்தி தொடங்குகிறாள், அடுத்தவள் பிடுங்கிக்கொள்கிறாள், மூன்றாவது ஒருத்தி நடுவில் கத்துகிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது மெல் பி, இது எம்மா, இது மெல் சி என்று சொல்லிவிடலாம்.

கட்டுரையாளர் முக்கியமாகத் தவறவிட்டது இங்கேதான் இருக்கிறது. ஆர் அண்டு பி பாணிக்கு 2000இல்தான் மாறினார்கள் என்பது சரியில்லை. இவர்களின் இரண்டாவது சிங்கிளான (ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து விற்கும் பாட்டு) 'சே யூ வில் பி தேர்' 1996இலேயே வந்தது. அதன் அடித்தாளத்தையும், மேலே இழுத்து இழுத்து ஒலிக்கும் அந்த சிந்தசைசரையும் கேளுங்கள். அமெரிக்கத் தெருப் பாட்டிலிருந்து எடுத்ததுதான் அது. அதன் மேல் ஒரு மவுத் ஆர்கனை வைத்து தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்' டிஸ்கோ. 'ஸ்டாப்' அறுபதுகளின் அமெரிக்க மோட்டவுன் கம்பெனிப் பாட்டு மாதிரி. 'ஸ்பைஸ் அப் யுவர் லைஃப்' லத்தீன் திருவிழா மேளம். 'தி லேடி இஸ் எ வாம்ப்' பழைய ஜாஸ் கச்சேரி. பாட்டுக்குப் பாட்டு பாணி மாறிக்கொண்டே இருந்த குழு இது. அப்போதெல்லாம் யாரும் குறை சொல்லவில்லையே!

முதல் இரண்டு ஆல்பங்களும் கல்யாண வீட்டு இலை மாதிரி. இனிப்பும் உண்டு, ஊறுகாயும் உண்டு, பிடிக்காததை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். 'ஃபாரெவர்' வெறும் பிரியாணி. நல்ல பிரியாணிதான், ஆனால் இலைச் சாப்பாட்டுக்கு என்று கிளம்பி வந்தவனுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பதினொரு பாட்டில் பெரும்பகுதி ராட்னி ஜெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் கையில் உருவானது. ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இன்னொரு அமெரிக்க ஜோடி இன்னும் இரண்டைச் செய்தது. கடைசிப் பாட்டான 'குட்பை' மட்டும் ரோவ், ஸ்டேனார்டு வேலை. அதுவும் 1998 டிசம்பரிலேயே சிங்கிளாக வந்துவிட்ட பழைய பாட்டு. தொடர்ந்து மூன்று கிறிஸ்துமஸ்களுக்கு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் என்ற பெருமையை இவர்களுக்குக் கொடுத்தது அதுதான். அதற்கு முன் பீட்டில்ஸ் மட்டுமே செய்திருந்த சாதனை.

ராட்னி ஜெர்கின்ஸ் சாதாரண ஆள் இல்லை. பிராண்டியும் மோனிகாவும் சேர்ந்து பாடிய 'தி பாய் இஸ் மைன்', டெஸ்டினிஸ் சைல்டின் 'சே மை நேம்', டோனி பிராக்ஸ்டனின் 'ஹி வாஸ்ன்ட் மேன் இனஃப்' எல்லாம் அவர் வேலை. 1998க்கும் 2000க்கும் நடுவில் உலகம் முழுக்க அவர் தாளம்தான். சட்சட்டென்று வெட்டி வெட்டி விழும் அடி, ஒரே குரலைப் பல முறை பதிவு செய்து அடுக்கடுக்காகப் பின்னுகிற கோரஸ், இரண்டும் அவர் முத்திரை. டெஸ்டினிஸ் சைல்டுக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அவர்கள் சிறு வயதிலிருந்து சேர்ந்திசை பழகி வளர்ந்தவர்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸின் பலம் வேறு. நான்கு குரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்பதுதான் அவர்கள் அழகு. அந்த அடுக்கு கோரஸில் எம்மாவும் விக்டோரியாவும் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மெல் சி மட்டும் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு மேலே வருகிறார். அவர் தொண்டை அப்படி.

ஆக, பாட்டின் சாயல் மாறியதை நான் மறுக்கவில்லை. அதுதான் குழுவைக் கலைத்தது என்பதைத்தான் மறுக்கிறேன். நடந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்கள்.

1997 நவம்பரில் மேலாளர் சைமன் ஃபுல்லரை நீக்கிவிட்டு இவர்களே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மே மாதம் ஜெரி போனார். ஐந்து பேரில் நல்ல குரல் அவருடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கொடி போட்ட சட்டை, 'கேர்ள் பவர்' கோஷம், பாட்டுக்கு ஒரு குறும்பு என்று யோசனை கிளம்புகிற தலை அவருடையது. 1999இல் மெல் பிக்கும் விக்டோரியாவுக்கும் குழந்தை பிறந்தது. மெல் சி அந்த ஆண்டே 'நார்தர்ன் ஸ்டார்' என்ற தனி ஆல்பத்தோடு ராக் பக்கம் போய்விட்டார். எம்மாவும் தனியாகப் பாடத் தொடங்கினார்.

2000இல் என்ன நடந்தது தெரியுமா? ஆகஸ்டில் மெல் சியின் 'ஐ டர்ன் டு யூ' பிரிட்டனில் முதலிடம். அதே மாதம் விக்டோரியா, ட்ரூ ஸ்டெப்பர்ஸ் என்ற இசை ஜோடியோடு பாடிய கராஜ் பாணி நடனப் பாட்டு இரண்டாமிடம். செப்டம்பரில் மெல் பியின் 'டெல் மீ', அக்டோபரில் அவருடைய தனி ஆல்பம். அந்த 'டெல் மீ'க்கு இசை யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ராட்னி ஜெர்கின்ஸ். அக்டோபர் கடைசியில் குழுவின் சிங்கிளான 'ஹாலர்', நவம்பர் 6ஆம் தேதி 'ஃபாரெவர்'. மூன்றே மாதத்துக்குள் இத்தனை. குழுவுக்குப் போட்டி வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு பெண் என் கடைக்கு வந்து, 'அண்ணே, இதுல எது நிஜ ஸ்பைஸ் கேர்ள்ஸ்?' என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

இப்படி ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருந்த நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து 'வான்னபி' மாதிரி ஒரு பாட்டை எப்படி எழுத முடியும்? தாளத்தை முன்கூட்டியே செய்து தயாராக வைத்திருக்கிற ஒரு பெரிய கை வேண்டும். கிடைத்த நேரத்தில் வந்து பாடிவிட்டுப் போனால் அவர் ஒட்டித் தைத்து ஆல்பமாக்கிக் கொடுத்துவிடுவார். எழுதியவர்கள் பட்டியலில் நான்கு பேர் பெயரும் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் கணிப்பில், குழு பிரிந்த பிறகு வந்த ஆல்பம் இது. ஊருக்கு அந்தப் பிரிவு அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். பாணி மாறியது பிரிவின் விளைவு. அதையே காரணம் என்று திருப்பிப் போடுவது நியாயமா?

இதற்குச் சாட்சியாக ஒரு பாட்டைச் சொல்கிறேன். 1999 டிசம்பரில் மான்செஸ்டரிலும் லண்டனிலும் இவர்கள் கிறிஸ்துமஸ் கச்சேரிகள் நடத்தினார்கள். அதில் இரண்டு புதுப் பாட்டுகளை மேடையில் பாடிக் காட்டினார்கள். ஒன்று 'வுமன்' என்பதை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாடுகிற பாட்டு. இன்னொன்று எலியட் கென்னடியோடு எழுதிய 'ரைட் பேக் அட் யா'. இரண்டும் பழைய ஸ்பைஸ் கேர்ள்ஸ் வாசனை வீசுகிற பாட்டுகள். நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று கை தட்டிச் சொல்கிற மாதிரி. ஆல்பம் வந்தபோது முதல் பாட்டையே காணவில்லை. இரண்டாவது இருந்தது, ஆனால் ஆர் அண்டு பி சட்டை மாட்டி வேறு உருவத்தில் இருந்தது. 'சே யூ வில் பி தேர்' எழுதியபோது கூட இருந்த அதே கென்னடியின் பாட்டு! மேடைப் பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மேடையில் இருந்த குறும்பு ஆல்பத்தில் இல்லை. பழைய மாதிரி பாட்டு இவர்களிடம் வற்றிப்போகவில்லை என்பதற்கும் அதுதான் அத்தாட்சி. கையில் இருந்ததை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று தாமதம். 2000 மார்ச்சில் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது விழாவில் இவர்களுக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். அந்த மேடையிலேயே 'ஹாலர்' பாடப்பட்டது. பாட்டு கடைக்கு வந்தது அக்டோபரில். ஏழு மாதம்! பாப் உலகில் ஏழு மாதம் என்பது சின்ன இடைவெளி இல்லை. ஆல் செயின்ட்ஸ் என்ற இன்னொரு பெண்கள் குழு அந்தப் பிப்ரவரியிலேயே 'ப்யூர் ஷோர்ஸ்' மூலம் வேறு ஒரு சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டது. சுகாபேப்ஸ் என்று பள்ளிக்கூட வயதுப் பெண்கள் மூவர் வந்துவிட்டார்கள். 1997இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் கேசட் வாங்கிய என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் அயர்லாந்துப் பையன்கள் குழுவான வெஸ்ட்லைஃப் வேண்டும் என்றார்கள். அங்கே பிரிட்டனிலும் அதே கதைதான். வெஸ்ட்லைஃபின் 'கோஸ்ட் டு கோஸ்ட்' அதே நாளில் வெளியாகி, முதல் வாரத்தில் 'ஃபாரெவர்' விற்றதைப் போல மூன்று மடங்கு விற்றது. வெஸ்ட்லைஃப் பாட்டில் என்ன பெரிய புதுமை இருந்தது? ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவார்கள், கடைசிப் பல்லவிக்கு எழுந்து நிற்பார்கள். மாறாமலே இருந்தவர்கள் ஜெயித்தார்கள் என்று கட்டுரையாளர் இதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் வெஸ்ட்லைஃப் பையன்கள் ஐந்து பேரும் தினமும் ஒன்றாக ஊர் ஊராய்ப் போய் ஆல்பத்தை விற்றார்கள். 'ஃபாரெவர்' வந்த சில வாரங்களிலேயே அதன் விளம்பர வேலை நின்றுவிட்டது. அடுத்த சிங்கிளாகத் திட்டமிட்டிருந்த பாட்டு வரவே இல்லை. கச்சேரிப் பயணமும் இல்லை. யாரும் கூவாமல் சரக்கு விற்குமா? கடைக்காரன் கேட்கிறேன்.

அப்படியும் 'படுத்துவிட்டது' என்பது பெரிய வார்த்தை. 'ஹாலர்', 'லெட் லவ் லீட் தி வே' இரண்டையும் சேர்த்து வெளியிட்ட சிங்கிள் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அது இவர்களின் ஒன்பதாவது முதலிடம். அதுவரை வந்த பத்து சிங்கிள்களில் முதலிடம் பிடிக்காதது 'ஸ்டாப்' மட்டும்தான், அதற்கும் இரண்டாமிடம். ஆல்பமும் அங்கே இரண்டாமிடத்துக்கு வந்தது. அமெரிக்காவில்தான் சரியான அடி. பில்போர்டு பட்டியலில் 39ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அமெரிக்கர்களைப் பிடிக்கத்தான் அமெரிக்க இசையமைப்பாளரைப் போட்டார்கள் என்றால், அந்தக் கணக்கு தப்பியது என்று எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தங்கள் ஊரிலேயே அதைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கும்போது அவர்கள் ஏன் லண்டனிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டும்?

ஆல்பத்தை முழுசாகக் கேட்டவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஹாலர்' இன்றைக்கும் நிற்கிற பாட்டு. 'டெல் மீ ஒய்' நன்றாகச் செய்த பாட்டு, அதைத்தான் முதலில் விட்டிருக்க வேண்டும். 'வீக்எண்ட் லவ்' எனக்குப் பிடிக்கும், மெல்லிய தாளத்தில் ஒருவித வருத்தம் கலந்து போகும். 'கெட் டவுன் வித் மீ', 'வேஸ்டிங் மை டைம்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் எது எது என்று எனக்கே குழம்பும். 'இஃப் யூ வான்னா ஹேவ் சம் ஃபன்' ஜாம், லூயிஸ் செய்தது. தலைப்பில்தான் கொண்டாட்டம், பாட்டில் அவ்வளவு இல்லை. 'லெட் லவ் லீட் தி வே' கொஞ்சம் உபதேசம், ஆனால் மெட்டு சுத்தம். இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'குட்பை' வரும்போது, பழைய வீட்டு ஆட்கள் திரும்பி வந்த மாதிரி நான்கு குரலும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதைக் கேட்ட பிறகு முதல் பத்துப் பாட்டின் மேல் கோபம் வருவதும் இயல்புதான்.

2007இல் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தபோது வந்த தொகுப்பில் 'ஹாலர்' உண்டு, 'லெட் லவ் லீட் தி வே' உண்டு, 'குட்பை' உண்டு. 2019இல் விக்டோரியா இல்லாமல் நடத்திய பதின்மூன்று கச்சேரிகளிலும் 'ஹாலர்' பாடினார்கள். அவமானமாக நினைத்திருந்தால் ஒதுக்கியிருப்பார்கள்.

உங்கள் கட்டுரையாளரிடம் எனக்குப் பகை ஏதும் இல்லை. அடுத்த முறை ஏதாவது குழுவின் கடைசி ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, பாடியவர்கள் பெயரோடு இசையமைத்தவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். டி.எல்.சி, டெஸ்டினிஸ் சைல்டு என்று அந்தக் கட்டுரை நெடுக எத்தனையோ குழுக்கள் வந்தன. ஒரு தயாரிப்பாளர் பெயர்கூட இல்லை. சினிமாப் பாட்டைப் பற்றி இப்படி எழுதினால் உங்கள் வாசகர்கள் சும்மா விடுவார்களா?

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் என் கடைக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், கவலையில்லை. 1999 டிசம்பர் கச்சேரியைப் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரர் ஒருவர்,
திருச்சி.